எந்த ஐரோப்பா?

ஊரில் இருந்து பேசுபவர்களுக்கு நாங்கள் எல்லோரும் 'ஐரோப்பாவில் இருக்கிற பிள்ளைகள்'. சுவிஸ் நகரமான பாசலில் குடியேறிய பிறகுதான் இந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு எல்லை இருப்பது தெரியவரும். சுவிஸ் அரசியல்வாதிகள் 'ஐரோப்பா' என்றால் பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தைத்தான் சொல்கிறார்கள், அதுவும் ஏதோ பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல. ஒன்றியத்தோடு சந்தையை மட்டும் பகிரும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில்கூடச் சேர வேண்டாம் என்று 1992 டிசம்பரில் 50.3 வீதம் பேர் வாக்களித்த நாடு இது.

வதிவிட அனுமதி விஷயத்தில்தான் வேடிக்கை அதிகம். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜெர்மன் குடியுரிமை எடுத்த என் மச்சான், நிரந்தர வேலை ஒப்பந்தத்தைக் காட்டி ஐந்து வருட வதிவிட அனுமதியான பி கார்ட் வாங்கினார். மேல்வீட்டில் இருப்பவர் பெல்கிரேட்காரர், பரம்பரையே ஐரோப்பாவில்தான். ஆனால் செர்பியா ஒன்றியத்தில் இல்லாததால் அவர் 'மூன்றாம் நாட்டவர்'. அப்படிப்பட்ட ஒருவரைப் புதிதாக வெளியில் இருந்து வேலைக்கு எடுக்க வேண்டுமென்றால், சுவிசிலும் ஒன்றியத்திலும் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்ட வேண்டும். வருடாந்த ஒதுக்கீட்டிலும் இடம் இருக்க வேண்டும். 2021 முதல் பிரித்தானியர்களும் இந்த வரிசைக்கு வந்துவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் அற்ப சந்தோஷம் உண்டு.

பயணம் என்றால் கோடு வேறு. இலங்கைக் கடவுச்சீட்டும் பி கார்டும் கையில் இருந்தால் பாரிசில் நடக்கும் கலியாணத்துக்கு விசா இல்லாமல் போய்வரலாம்; செங்கன் நாடுகளில், அதாவது தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட நாடுகளில், 180 நாளுக்குள் 90 நாள். டப்ளினுக்கு அது செல்லாது. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, செங்கனில் இல்லை. சுவிஸ் அதற்கு நேர்மாறு.

சரி, செங்கன்தானே என்று எட்டாம் நம்பர் டிராமில் ஏறி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியின் வைல் அம் ரைனில் பை நிறைய இறைச்சி வாங்கிவராதீர்கள். சுங்கத்துக்குச் செங்கன் கணக்கில்லை. வரியில்லாமல் கொண்டுவர ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ இறைச்சிதான். பொருட்களின் பெறுமதி வரம்பையும் 2025 ஜனவரியில் 300 பிராங்கில் இருந்து 150 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

எங்கள் ஆட்கள் அதிகம் குழம்புவது ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்தில். பெயரில் 'ஐரோப்பிய' இருந்தாலும் அது ஒன்றியத்தினுடையது அல்ல. 46 நாடுகள் கொண்ட ஐரோப்பிய கவுன்சிலுடையது. சுவிஸ் 1963இலேயே அதில் சேர்ந்துவிட்டது. 2013இல் சுவிஸ் திருப்பி அனுப்பிய தமிழர் ஒருவர் இலங்கையில் தடுத்துவைக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்ட வழக்கில், 2017 ஜனவரியில் அங்கே சுவிசுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. முறையிடுபவர் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்பது அங்கே பொருட்டில்லை. ஆனால் முதலில் சுவிசுக்குள் மேன்முறையீடுகளை முடித்திருக்க வேண்டும். கடைசித் தீர்ப்பு வந்த பிறகு கையில் இருப்பது நான்கு மாதம். முன்பு ஆறு மாதமாக இருந்ததை 2022 பெப்ரவரியில் மாற்றிவிட்டார்கள். பழைய கணக்கை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.