இடாப்பில் இருந்த பெயர்

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டவுடன் எனக்கு நினைவில் வந்தது பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடமும், அட்டை கழன்ற ஒரு ஷெர்லொக் ஹோம்ஸ் புத்தகமும்தான். சேர் அன்று வாசித்தது கொனன் டொயில் எழுதி 1891இல் வெளிவந்த ‘எ ஸ்கண்டல் இன் பொஹீமியா’ என்ற கதை. ஹோம்ஸ் துப்புத் துலக்கிய வழக்குகளை அவருடைய நண்பர் வொட்சன் சொல்லிக்கொண்டு போகிற இடத்தில் சேர் சட்டென்று நிறுத்தி, ஒரு வரிக்குக் கீழே பெருவிரல் நகத்தை அழுத்திப் பிடித்தபடி புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பினார். திருகோணமலை! அட்கின்சன் சகோதரர்களுக்குத் திருகோணமலையில் நேர்ந்த விசித்திரமான துயரத்தை ஹோம்ஸ் துலக்கினார் என்று ஒரே ஒரு குறிப்பு. அவ்வளவுதான், அதற்குமேல் அந்தக் கதை எங்குமே வராது. ஆனாலும் நம்முடைய ஊர் அல்லவா, வகுப்பே மேசையில் தட்டிக் கொண்டாடியது, பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

அந்தத் தவணை கையெழுத்துச் சஞ்சிகைக்கு நானும் ஒரு துப்பறியும் கதை எழுதினேன். கொலைகாரனின் பெயரைப் பார்த்துவிட்டு சேர் கேட்டார்: “இந்தப் பெயரை எங்கை எடுத்தனீர்?”

பக்கத்து வகுப்பின் வரவு இடாப்பில் இருந்த பெயர், என் பந்தை ஒரே ஓவரில் மூன்று தரம் சிக்ஸருக்கு அடித்தவனுடையது. உள்ளதைச் சொன்னேன். சேர் ஏசவில்லை. “அப்ப, கொனன் டொயில் எங்கை எடுத்திருப்பார்?” என்றார்.

இங்கிலாந்துக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நூலகங்களில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். டொயிலும் ஒரு பள்ளியின் பழைய மாணவர்தானே! லங்கஷயரில் ஸ்டோனிஹர்ஸ்ட் என்ற யேசு சபைப் பள்ளி, அங்கே விடுதியில் இருந்து 1875 வரை படித்தார். அவர் காலத்து மாணவர்களில் பட்ரிக் ஷெர்லொக் என்று ஒருவர் இருந்தார், மோரியார்ட்டி என்ற குடும்பப் பெயரிலும் மாணவர்கள் இருந்தார்கள். துப்பறிவாளரும் அவருடைய பரம எதிரியும் ஒரே பள்ளியின் இடாப்பில்!

கிரிக்கெட்காரர்கள் சொல்வது வேறு. நொட்டிங்கம்ஷயர் அணியின் விக்கெட் காப்பாளர் மோர்டெகாய் ஷெர்வின், வேகப்பந்து வீச்சாளர் பிராங்க் ஷக்லொக், இந்த இரண்டு பெயரையும் ஒட்டினால் ஷெர்லொக் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என் மனம் அதில் முழுதாக ஒட்டவில்லை. ஹோம்ஸ் வரும் முதல் நாவலை டொயில் எழுதியது 1886 வசந்தத்தில், ஷக்லொக் நொட்டிங்கம்ஷயருக்கு நிலையாக ஆடத் தொடங்கியதோ அந்த ஆண்டுப் பருவத்தில்தான். அதற்கு முந்தைய இரண்டு பருவங்கள் அவர் டெர்பிஷயரில் இருந்தார். அப்போது அதே அணிக்குப் பந்து வீசியவர் வில்லியம் மைக்ரொஃப்ட். சரி, ஹோம்ஸின் அண்ணன் பெயர் என்ன? மைக்ரொஃப்ட்! இதைக் கண்டுபிடித்த அன்று சேரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் சேர் அப்போது உயிரோடு இல்லை.

டொயிலே ஒருமுறை சொன்னதாக ஒரு செய்தி உண்டு, ஷெர்லொக் என்ற பந்துவீச்சாளரின் பந்தில் தான் 30 ஓட்டங்கள் எடுத்ததாகவும், அதிலிருந்து அந்தப் பெயர் மேல் ஒரு பிரியம் என்றும். டொயில் நல்ல ஆட்டக்காரர், 1900இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற துடுப்பாட்டக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸின் விக்கெட்டையே எடுத்தவர், ஆகவே எனக்கு இது நம்பக்கூடியதாகவே படுகிறது.

ஹோம்ஸ் என்ற பாதிக்கு, டொயில் மிகவும் நேசித்த அமெரிக்க மருத்துவர், எழுத்தாளர் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸைக் காட்டுகிறார்கள். வொட்சனுக்கு, டொயில் மருத்துவராக இருந்த சவுத்சீ பகுதியில் ஜேம்ஸ் வொட்சன் என்ற மருத்துவ நண்பர் இருந்தார். கதையில் ஜோன் வொட்சன், ஆனால் ஒரு கதையில் மனைவி வாய்தவறி அவரை ஜேம்ஸ் என்றே கூப்பிடுகிறாள்.

எனக்குப் பிடித்தது அந்த முதல் நாவலுக்காக டொயில் எழுதிவைத்த குறிப்புத் தாள்தான். அதில் துப்பறிவாளரின் பெயர் ஷெரின்ஃபோர்ட் ஹோம்ஸ், நண்பர் பெயர் ஓர்மண்ட் சக்கர். ஹோம்ஸ் அப்படியே நின்றுவிட, முதற்பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அந்த இடத்தில் பள்ளிக்கூடத்துப் பெயர்தான் வந்து உட்கார்ந்தது என்று நான் நம்புகிறேன். ஆறேழு வருடம் தினமும் காலையில் காதில் விழுந்த பெயர்கள் எனக்கு இன்னும் வரிசையாக, பாடமாக வருகின்றன, அவருக்கும் வந்திருக்காதா?

என் கொலைகாரனுக்குப் பெயர் கொடுத்தவர் இப்போது ரொறொன்ரோவில் இருக்கிறார். போன கோடையில் தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னேன். “அண்டைக்கு நாலு சிக்ஸர்,” என்றார்.