தொப்பூர் ஏற்றமும் ஒரு சாண் ரப்பர் குழாயும்

பழைய லாரியை எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும் முதலில் கிடைக்கும் பதில் "வண்டிக்கு வயசாயிருச்சுங்க" என்பதுதான். என்னுடையது 2008ஆம் ஆண்டு மாடல், பத்துச் சக்கரம், ஆறு சிலிண்டர் டர்போ டீசல் என்ஜின்; ஓடிய தூரம் 9,40,000 கிலோமீட்டர். சங்ககிரியில் சிமெண்ட் ஏற்றி ஓசூரில் இறக்குவதுதான் வழக்கமான நடை. வழியில் வரும் தொப்பூர் மலைச்சாலை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி, கடந்த தை மாதத்திலிருந்து இரண்டாவதுக்கு இறங்கி, பிறகு சில இடங்களில் முதல் கியர் கேட்கத் தொடங்கியது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்துவந்தது 3.3 ஆகக் குறைந்தது. காலி வண்டியாகத் திரும்பும்போது மட்டும் எந்தக் குறையும் தெரியவில்லை. இந்தக் கடைசிச் செய்தியின் பொருளை அன்றே நான் யோசித்திருந்தால் 27,000 ரூபாய் கையில் நின்றிருக்கும்.

டீசல் ஃபில்டர்கள் இரண்டையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியும் பலன் இல்லாததால், தெரிந்தவர் சொன்னார் என்று, என்ஜினுக்கு டீசலை அளந்து கொடுக்கும் பம்பைச் சர்வீஸ் செய்யும் ஒரு கடைக்கு வண்டியை விட்டேன். என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் பம்பையும், சிலிண்டர்களுக்குள் டீசலைப் பீச்சும் ஆறு நாசில்களையும் கழற்றிக் கொண்டுபோனார்கள். நான்காம் நாள் பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிக் காட்டி, டீசல் அளவு எல்லா வரிசையிலும் சரியாக வருகிறது என்றார்கள். சரியாக வருமானால் கோளாறு பம்பில் இல்லை என்றுதானே அர்த்தம் என்று கேட்டதற்கு, சர்வீஸ் செய்ததால்தான் சரியாக வருகிறது என்று பதில் வந்தது. கழற்றுவதற்கு முன் பெஞ்சில் என்ன அளவு இருந்தது என்பதற்கு எந்தக் குறிப்பும் அவர்களிடம் இல்லை. பம்ப் வேலைக்குக் கொடுக்கும் யாரும் முதல் அளவைத் தாளில் எழுதி வாங்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

வண்டியில் மாட்டிய பிறகு நிலைமை மோசமானது. காலையில் அரைச் சுற்றில் பிடித்துக்கொள்ளும் என்ஜின், வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நீண்ட நேரம் சுற்றிய பிறகே பிடித்தது. பம்பை மாட்டியபோது டைமிங்கை, அதாவது டீசல் பீச்ச வேண்டிய நேரத்தை, தவறவிட்டிருந்தார்கள். அதைத் திருத்த மேலும் ஒரு நாள் போனது. இவ்வளவுக்கும் பிறகு தொப்பூரில் அதே இரண்டாம் கியர்தான்.

அடுத்து பார்த்த மேஸ்திரி, ரிங், லைனர் மாற்றும் ஹாஃப் என்ஜின் வேலை செய்தே ஆக வேண்டும், ஒன்றரை லட்சம் ஆகும் என்றார். இன்னொருவர் டர்போவை மாற்றச் சொன்னார். இருவருமே பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் வைத்து டீசலைக் கட்டுப்படுத்தும் புதிய காமன் ரெயில் வண்டி என்றால் ஸ்கேனர் மாட்டி ஏதாவது ஒரு பிழைக் குறியீட்டையாவது படிக்கலாம். என் வண்டியில் இருப்பது மின்னணுவே இல்லாத இன்லைன் பம்ப் என்பதால் அந்த வழியும் கிடையாது. எனவே வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, பட்டறை வேலையை விட்டு ஓய்வில் இருக்கும் உறவினர் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் போட்ட ஒரே நிபந்தனை, செலவில்லாத சோதனைகளை முடிக்கும்வரை ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பது.

முதலில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, ஐடிலிங்கில் அதே வாயின் மேல் கவிழ்த்து வைத்தார். ரிங் தேய்ந்திருந்தால் கசியும் வாயு மூடியைத் தூக்கி எறியும்; இங்கே மூடி லேசாக ஆடியதே தவிர எகிறி விழவில்லை. ஆயில் குறைவதும் இல்லை, பம்ப் கழற்றுவதற்கு முன் குளிர்ந்த என்ஜின் உடனே பிடித்தும் இருக்கிறது; ஆகவே ரிங்கும் லைனரும் இன்னும் தாங்கும் என்று ஒன்றரை லட்சத்தை அந்த ஒரு மூடியை வைத்தே தள்ளிவைத்தார். பிறகு என்னை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லி, பம்ப் லிவர் அதன் எல்லையான ஸ்டாப் போல்ட்டைத் தொடுகிறதா என்று பார்த்தார். ஒரு விரற்கடை குறைவாக நின்றது. இணைப்புக் கம்பியின் புஷ் தேய்ந்துபோயிருந்தது; 60 ரூபாயில் அது முடிந்தது. நான்கு நாள் பம்பைப் பிரித்து வைத்திருந்தவர்கள் கண்ணில் இது படவில்லை என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஓட்டி நிறுத்தியதும் சக்கர ஹப்புகளைத் தொட்டுப் பார்த்ததில் பின்பக்கம் ஒன்று மட்டும் கொதித்தது. பிரேக் இடைவெளியை வைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டரைத் தளர்த்தியதும் பிரேக் பிடித்திருந்தது விட்டது. புகைக் குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு முழுதாகத் திறந்துதான் இருந்தது.

இவற்றால் சமதளத்தில் கொஞ்சம் தேறியதே ஒழிய ஏற்றத்தில் திணறல் போகவில்லை. டேங்க் பக்கம் அடைப்போ காற்று இழுப்போ இருக்கிறதா என்று பார்க்க, 20 லிட்டர் கேன் ஒன்றில் டீசல் நிரப்பிக் கேபினுக்குப் பின்னால், சைலன்சர் சூடு படாத இடத்தில் கட்டி, அதிலிருந்தே, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்குத் தனிக் குழாய் கொடுத்தோம். கண்ணாடிபோல் தெரியும் குழாயில் ஒரு குமிழிகூட இல்லை. லோடோடு மேம்பாலம் ஏறியபோது திணறலும் குறையவில்லை. டேங்க், லைன் இரண்டும் நிரபராதிகள்.

அப்போதுதான் புகையைப் பற்றிக் கேட்டார். ஏற்றத்தில் மிதித்தால் கறும்புகை வருகிறதா என்றார். இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். டர்போ போயிருந்தால் காற்றுக் குறைந்து கறும்புகை வர வேண்டும்; புகையும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் லோடு ஏறும்போது தேவைப்படும் கூடுதல் டீசலைப் பம்ப் கொடுக்கவில்லை என்பது அவர் கணக்கு. இருந்தாலும் டர்போ சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம் என்று, கம்ப்ரசர் கடையில் 350 ரூபாய்க்கு ஒரு பிரஷர் மீட்டர் வாங்கி, என்ஜினுக்குள் காற்று நுழையும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து, பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் தலைக்குப் போகும் மெல்லிய குழாயில் டி இணைப்புப் போட அதைக் கழற்றினோம். குழாயின் முனையில் இருந்த ஒரு சாண் ரப்பர் ஹோஸ், கீழ்ப்பக்கம் கிளாம்பில் உரசி உரசி, நகம் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது.

டர்போ ஊதும் காற்றழுத்தம் அந்தக் குழாய் வழியாகப் போய் டயாஃப்ரம் என்ற சவ்வை அழுத்தினால்தான் பம்ப் டீசலைக் கூட்டிவிடும். அழுத்தம் போய்ச் சேரவில்லை என்றால் டர்போ இல்லாத வண்டிக்குக் கொடுக்கும் அளவோடு நின்றுவிடும். காலி வண்டிக்கு அந்த அளவே போதும் என்பதால் குறை தெரியாது. பெஞ்சில் எல்லாம் சரியாக இருந்ததன் ரகசியமும் இதுதான்: அங்கே டயாஃப்ரத்துக்குக் காற்றைப் பெஞ்சே கொடுக்கிறது, வெடித்த ஹோஸ் என் வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இதிலும் ஒரு தவறு செய்தேன். அவசரத்துக்குக் கையில் கிடைத்த சாதாரணத் தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டினேன். என்ஜின் சூட்டில் அது இளகி, கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் கழன்றுகொண்டது. ஆயிலும் சூடும் தாங்கும் ஹோஸ் 140 ரூபாய்தான், இரண்டு கிளிப்போடு அதையே வாங்குங்கள். மீட்டரில் லோடோடு ஏறும்போது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவை நெருங்கியது, ஆகவே டர்போவும் பிழைத்தது.

இடையில் ஒருவர், பம்பின் சீலை உடைத்து, டீசல் அளவைக் கூட்டும் ஸ்குரூவை அரைச் சுற்று திருகினால் இழுவை தானாக வந்துவிடும் என்றார். வந்தும் இருக்கும். கூடவே கறும்புகையும், பிஸ்டன் தாங்காத சூடும், வருஷா வருஷம் எடுக்க வேண்டிய எஃப்சியில் (தகுதிச் சான்றிதழில்) புகைச் சோதனைத் தொல்லையும் வந்திருக்கும். மூல காரணம் அப்படியே இருக்கும்.

இப்போது தொப்பூரில் மூன்றாம் கியரில் ஏறுகிறது, ஏற்றத்தில் லேசான புகையும் திரும்பிவிட்டது. மைலேஜ் 3.8இல் நிற்கிறது. வெடித்த ஹோஸை எடுத்துக்கொண்டு பம்ப் கடைக்குப் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பம்ப் வேலையில வராதுங்க" என்றார்கள். டைமிங் திருத்தியதற்கு வாங்கிய 1,500 ரூபாயை மட்டும், அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு திருப்பித் தந்தார்கள்.