பக்கவாதத்துக்குப் பிறகான பேச்சிழப்பைத் தமிழில் ஆய்வு செய்வது: அனுமதிக் கடிதம் முதல் மதிப்பெண் வரை

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மொழி பாதிக்கப்படுகிறது. அபேசியா என்று மருத்துவத்தில் சொல்லும் இந்தப் பேச்சிழப்பில் பேசுவது மட்டும் போவதில்லை. கேட்டுப் புரிந்துகொள்வது, படிப்பது, எழுதுவது எல்லாமே ஆளுக்கு ஆள் வெவ்வேறு அளவில் போகும். இதை ஆராய மொழியியல் துறையும் நரம்பியல் துறையும் சேர்ந்து உட்கார வேண்டும். தமிழில் இந்த ஆய்வைச் செய்பவர்களுக்கு நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது. ஒருவர் பேச்சில் எது நோயால் வந்தது, எது அவருடைய தமிழ் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். அதில் சறுக்கினால் பிறகு எந்தப் புள்ளியியலாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அனுமதியிலிருந்து தொடங்குகிறோம். மொழியியல் துறை மட்டும் உள்ள பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறைக் குழு இருக்காது. அதனால் மருத்துவமனையில் பணிபுரியும் நரம்பியல் மருத்துவர் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்து, அந்த மருத்துவமனையின் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்திலும் ஒரு குழு இருந்தால் இரண்டு இடத்திலும் ஒப்புதல் கேட்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி என்றால் டீனின் அனுமதியும் துறைத் தலைவரின் கடிதமும் தனித்தனியாகத் தேவை. குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது என்பதற்காக வார்டுக்குள் நுழைந்துவிட முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி குழுவில் 7 முதல் 15 பேர் இருப்பார்கள். மருத்துவர்களோடு ஒரு சட்டம் படித்தவர், ஒரு சமூக அறிவியலாளர், ஒரு பொதுமக்கள் பிரதிநிதி ஆகியோரும் உண்டு. நம் ஆய்வில் ஊசியோ மருந்தோ இல்லை. ஆனாலும் பங்கேற்பவர்கள் தாங்களே பேசி ஒப்புதல் தர முடியாதவர்கள் என்பதால் முழுக் குழுவின் பரிசீலனைக்குத்தான் போகும் என்று எண்ணித் திட்டமிடுவது நல்லது. குழுவிலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. தமிழ் ஒப்புதல் படிவத்தை வேறொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்தாரா? ஒலிப்பதிவு எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும்? முகத்தைப் பதிவு செய்வீர்களா? போக்குவரத்துச் செலவை யார் தருவார்கள்? பரிசோதனையில் மனச்சோர்வு தெரிந்தால் யாரிடம் அனுப்புவீர்கள்? இவற்றுக்கான பதில்களை விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால் ஒரு சுற்று மிச்சமாகும். பேச்சுப் பயிற்சி கொடுத்துப் பலனைப் பார்க்கும் ஆய்வாக இருந்தால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே, பதிவு செய்தாக வேண்டும். சேர்த்த பிறகு விண்ணப்பித்தால் ஏற்க மாட்டார்கள்.

ஒப்புதல் படிவத்துக்குத் தனி உழைப்பு வேண்டும். வழக்கமான நான்கு பக்கப் படிவம் இவர்களுக்குப் பயன்படாது. ஒரு பக்கத்துக்கு ஒரே செய்தி, பெரிய எழுத்து, குறுகிய பேச்சுவழக்கு வாக்கியம், பக்கத்தில் ஒரு படம் என்று அமைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லிக் காட்ட வேண்டும். ‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டையும் மாற்றிச் சொல்வது இந்த நோயில் சாதாரணம். தலையாட்டலையும் நம்ப முடியாது. நம் ஊரில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் சம்மதம் என்றும் பொருள், வேண்டாம் என்றும் பொருள். பச்சைச் சரிக்குறி, சிவப்புப் பெருக்கல்குறி போட்ட இரண்டு அட்டைகளை, ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துத் தொடச் சொல்லுங்கள். ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேளுங்கள்: “ரெக்கார்ட் பண்ணலாமா?” என்று கேட்டதை, சற்று நேரம் கழித்து “ரெக்கார்ட் பண்ண வேண்டாமா?” என்று கேட்டால், பதில் மாறி வர வேண்டும். வராவிட்டால் சட்டப்படி அவர் சார்பில் கையெழுத்திடக்கூடிய உறவினரின் ஒப்புதலும் வேண்டும். உறவினருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். உறவினர் சம்மதித்துவிட்டாலும் நோயாளி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். இதை எங்கள் ஆய்வுக் குழுவில் யாரும் மீறக் கூடாத விதியாக வைத்திருக்கிறோம்.

அடுத்தது சோதனைக் கருவி. உலகெங்கும் அதிகம் பயன்படும் வெஸ்டர்ன் அபேசியா பேட்டரி போன்றவை பதிப்புரிமை உள்ளவை. மொழிபெயர்க்கவும் மாற்றியமைக்கவும் பதிப்பாளரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். அந்தச் சோதனையில் நூற்றுக்கு 93.8 என்ற வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்தால் அபேசியா என்பார்கள். ஆங்கிலத்தில் கிடைத்த அந்த எண்ணைத் தமிழ் வடிவத்துக்கு அப்படியே எடுத்துவைப்பது தவறு. கேள்விகள் மாறினால் எண்ணும் மாறும். நோயில்லாதவர்களிடம் சோதித்து, கல்வி வாரியாகப் பிரித்து, உங்கள் வெட்டுப்புள்ளியை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

படம் பார்த்துப் பெயர் சொல்லும் பகுதிக்குத்தான் அதிக உழைப்பு போகும். 1980இல் ஸ்நாட்கிராஸும் வாண்டர்வார்ட்டும் வெளியிட்ட 260 கோட்டுப்படங்களும், 2018இல் வெளிவந்த 750 வண்ணப் படங்கள் கொண்ட மல்ட்டிபிக் தொகுப்பும் ஆய்வாளர்களிடையே பரவலாகப் புழங்குபவை. அம்மி, உரல், முறம், அரிவாள்மனை, குத்துவிளக்கு போன்றவற்றை நாமே வரைந்து சேர்க்க வேண்டும். ஒரே ஓவியர், ஒரே பாணி, ஒரே அளவு. படங்கள் தேர்ந்த பிறகு, நோயில்லாதவர்களிடம் காட்டி அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வட்டாரத்துக்கு 30 பேராவது தேவை. இந்த 30 பேரைக் கல்லூரி மாணவர்களிலிருந்து எடுப்பது எளிது, ஆனால் பயன் இல்லை. நம் நோயாளிகளில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய வயதிலும் படிப்பிலும் உள்ளவர்களைத்தான் தேட வேண்டும்.

துடைப்பத்தின் படத்தைக் காட்டினால் துடைப்பம், விளக்குமாறு, சீமாறு, வாரியல் என்று ஊருக்கு ஊர் பதில் மாறும். பப்பாளி இலங்கையில் பப்பாசி. மின்விசிறி என்று யாரும் சொல்வதில்லை, எல்லோரும் ஃபேன்தான். பெயர் ஒற்றுமையை அளக்க ஹெச் என்ற அளவு உண்டு. எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னால் அது 0, இரண்டு பெயர்கள் சரிபாதியாக வந்தால் 1. நாங்கள் வட்டாரத்துக்குள்ளேயே 80 சதவீதத்துக்குக் கீழே ஒற்றுமை உள்ள படங்களை விலக்குகிறோம். வட்டாரங்களுக்கு இடையே பெயர் மாறும் படங்களை விலக்குவதில்லை. ஏற்கத்தக்க பெயர்களின் பட்டியலை ஒவ்வொரு படத்துக்கும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறோம். நோயாளி பதில் சொன்ன பிறகு பட்டியலை நீட்டக் கூடாது.

சொல்லின் புழக்க அளவை அச்சு நூல்களிலிருந்தோ செய்தித்தாளிலிருந்தோ எடுப்பது இன்னொரு பொறி. அச்சில் பேருந்து நூறு முறை வரும், வாயில் பஸ் மட்டுமே வரும். அதனால் பழக்க அளவை மக்களிடமே கேட்டு வாங்குவது நம்பகமானது. எந்த வயதில் கற்ற சொல் என்பதையும் கேட்க வேண்டும், ஏனென்றால் சிறுவயதில் கற்ற சொற்கள் நோயிலும் அதிகம் தங்குகின்றன. ஏழு புள்ளி அளவுகோல் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குப் புரியாது. “பால் பல் விழறதுக்கு முன்னாடியே தெரியுமா, அப்புறமா, பெரியவங்க ஆன பிறகா?” என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டால் தடையில்லாமல் பதில் வரும்.

வினைச்சொற்களில் எச்சரிக்கை வேண்டும். பொருளின் பெயர் சொல்ல முடிந்தும் செயலின் பெயர் சொல்ல முடியாத நோயாளிகள் உண்டு, அதை ஒப்பிட்டுப் பார்ப்பது ஆய்வுக்கு முக்கியம். ஆனால் தமிழில் கோலம் போடுவதும் பல் தேய்ப்பதும் தலை சீவுவதும் பெயரும் வினையும் சேர்ந்தவை. நோயாளி “கோலம்” என்று நிறுத்திவிட்டால் அது எந்தப் பட்டியலில் சேரும்? குளி, தூங்கு, சிரி, ஓடு போன்ற தனிவினைகளை ஒரு தொகுதியாகவும் கூட்டுவினைகளை இன்னொரு தொகுதியாகவும் பிரித்து வைத்தால்தான் ஒப்பீடு நிற்கும்.

காட்சிப் படத்தைப் பார்த்து விவரிக்கும் பகுதிக்கு, 1972இல் வெளிவந்த பாஸ்டன் அபேசியா சோதனையில் உள்ள சமையலறைப் படத்தை உலகம் முழுதும் பயன்படுத்துகிறார்கள். ஸ்டூல் மேல் ஏறிப் பையன் பிஸ்கட் எடுக்கிறான், ஸ்டூல் சாய்கிறது, தொட்டி நிரம்பித் தண்ணீர் வழிகிறது, அம்மா கவனிக்கவில்லை. நமக்கேற்ற படம் வரையும்போது வெறும் கிராமத்துக் காட்சியாக வரைந்துவிட்டால் “மாடு, மரம், கிணறு” என்று பட்டியல்தான் கிடைக்கும். ஒன்றால் ஒன்று நடக்கும் நிகழ்ச்சிகள் மூலப்படத்தில் எத்தனையோ அத்தனை நம் படத்திலும் இருக்க வேண்டும்.

கேட்டுப் புரியும் கட்டளைகள் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். “புத்தகத்தின் மேல் பேனாவை வையுங்கள்” என்று அறிவிப்பாளர் மாதிரி படித்தால், படிக்காத ஒருவர் நோயே இல்லாமலும் தயங்குவார். வாய்விட்டுப் படிக்கும் பகுதி எழுத்துத் தமிழில்தான் இருக்கும். அங்கே ‘வந்தார்கள்’ என்பதை ஒருவர் ‘வந்தாங்க’ என்று படித்தால் பிழை போடக் கூடாது. அவர் எழுத்தைப் பார்த்துப் பொருளைப் பிடித்துத் தன் பேச்சில் சொல்லியிருக்கிறார். அது படிப்புத் திறன் மிஞ்சியிருப்பதற்கான அடையாளம்.

இனி நோயாளியோடு செய்யும் வேலை. முதல் மூன்று மாதங்களில் மூளை தானாகவே வேகமாக மீளும். அதனால் ஒரு வாரமான நோயாளியையும் ஓராண்டான நோயாளியையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது. சோதனைக்கு முன் காது கேட்கும் அளவைப் பார்க்க வேண்டும், கண்ணாடி போடுபவர் போட்டிருக்க வேண்டும். இடப்பக்க மூளை பாதித்தவர்களுக்கு வலப்பக்கப் பார்வை போயிருக்கலாம். படங்களைக் கிடையாக வரிசையில் வைத்தால் வலக்கோடியில் உள்ளதைத் தொடவே மாட்டார்கள், நாம் அதைப் புரியவில்லை என்று எழுதிவிடுவோம். மேலும் கீழுமாக அடுக்கி, சற்று இடப்பக்கம் தள்ளி வையுங்கள். வலது கை செயலிழந்திருந்தால் இடது கையால் தொடச் சொல்லுங்கள்.

பேச்சு வரலாற்றைக் குடும்பத்திடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ உருதோ பேசிவிட்டு வெளியில் தமிழ் பேசுபவர்கள் நிறையப் பேர். எந்த மொழியில் கணக்குப் போடுவார், எந்த மொழியில் சண்டை போடுவார், எத்தனை வகுப்பு படித்தார், எந்த ஊரில் வளர்ந்தார், ‘ழ’ எப்படிச் சொல்வார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வாழைப்பழத்தை வாளைப்பளம் என்பவரும் வாயப்பயம் என்பவரும் நோய்க்கு முன்பே அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் மதிப்பெண் போடுபவர் அதை ஒலிப்பிழை என்று குறித்துவிடுவார்.

கூட இருப்பவர்கள் விடையைச் சொல்லிக்கொடுப்பது ஏறத்தாழ எல்லா இடத்திலும் நடக்கும். “இது என்னங்க?” என்று நாம் கேட்டதும் பின்னாலிருந்து “குடம்னு சொல்லுப்பா” என்று மகள் சொல்வார். அது பாசத்தால் வருவது, கடிந்துகொள்ளக் கூடாது. அவரை நோயாளியின் முதுகுப்பக்கம் உட்காரவைத்து, பேச்சு வரலாற்றுப் படிவத்தில் மிச்சமிருப்பதை நிரப்பச் சொன்னால் இரண்டு வேலையும் நடக்கும். ஒரு அமர்வு 30 முதல் 45 நிமிடம் போதும், இடையில் ஓய்வு கொடுங்கள். பிசியோதெரபி முடிந்த கையோடு உட்காரவைத்தால் களைப்புதான் பதிவாகும்.

பதிவுக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு. மைக்கைச் சட்டையில் மாட்டுவதைவிடத் தலையில் மாட்டும் வகை நல்லது, வாயிலிருந்து தூரம் மாறாது. மின்விசிறியின் காற்று மைக்கில் நேராக அடிக்காத இடம் பாருங்கள். கோப்பின் பெயரில் நோயாளியின் பெயரோ ஓ.பி. எண்ணோ இருக்கக் கூடாது, குறியீட்டு எண் மட்டும்.

ஒரு படத்துக்கு 20 நொடி காத்திருக்கிறோம். பதில் வராவிட்டால் முதலில் பொருள் குறிப்பு (குடத்தின் படம் என்றால் “தண்ணி எடுத்துட்டு வர்றது”), பிறகு ஒலிக் குறிப்பு. ஆங்கிலத்தில் முதல் ஒலியைத் தருவார்கள், தமிழில் ‘க்’ என்று தருவது செயற்கையாக இருக்கிறது, ‘கு’ என்று முதல் எழுத்தையே தர வேண்டும். குறிப்புக்குப் பிறகு வந்த விடையை அட்டவணையில் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். குடத்தைச் சொம்பு என்றால் பொருள் பிழை, குடத்தைத் தடம் என்றால் ஒலிப்பிழை, முந்தைய படத்தின் பெயரையே திரும்பச் சொன்னால் ஒட்டிக்கொண்ட பதில், எந்தச் சொல்லும் அல்லாத ஒலிக்கோவை வந்தால் அதற்கு ஒரு வகை. மொத்த மதிப்பெண்ணைவிட இந்த வகைப்பாடுதான் மூளையில் எந்தக் கட்டம் உடைந்திருக்கிறது என்று காட்டும்.

தொடர்பேச்சை எழுத்தாக்க நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் உருவாக்கிய ஈலான் என்ற மென்பொருள் இலவசம், ஒலியை அளக்க ப்ராட் என்ற மென்பொருளும் இலவசம். எழுத்தாக்குவதற்கு முன் சொல் எது என்று விதி எழுதுங்கள். ‘வந்துட்டிருந்தாங்க’ ஒரு சொல்லா, மூன்றா? அதைப் பொறுத்து நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற கணக்கே மாறிவிடும். இலக்கணம் சிதைந்ததா என்று பார்ப்பவர்கள் விடுபட்டவற்றை எண்ணுவார்கள். தமிழில் எழுவாயை விடுவது பிழை இல்லை. “தண்ணி குடிச்சான்” என்பதில் ‘ஐ’ உருபு இல்லாததும் பிழை இல்லை. “அவன் அடிச்சான்” என்று மட்டும் சொல்லி யாரை என்பது எங்குமே வராவிட்டால்தான் கேள்வி எழுகிறது. வினைமுற்றின் விகுதி எழுவாயோடு பொருந்துகிறதா என்பது தமிழில் இன்னும் உறுதியான அளவுகோல்.

பதிவுகளில் 20 சதவீதத்தையாவது, நோயாளியைப் பார்க்காத இரண்டாவது நபர் தனியாக மதிப்பிட வேண்டும். அவர் வேறு வட்டாரத்துக்காரராக இருந்தால் வட்டார வழக்கைப் பிழையாகப் போடும் இடங்கள் வெளியே வந்துவிடும். இரண்டு பேரின் மதிப்பீடும் எந்த அளவு ஒத்துப்போகிறது என்று காட்ட, பிழை வகைகளுக்குக் காப்பா என்ற அளவு, மொத்த மதிப்பெண்ணுக்கு உட்குழு ஒட்டுறவுக் கெழு. இந்தக் கெழு 0.75க்கு மேல் இருந்தால் நல்லது, 0.9க்கு மேல் மிக நல்லது. குறைந்தால் மதிப்பீட்டாளரை மாற்றாதீர்கள், விதிகளைத் திருத்தி எல்லாப் பதிவுகளையும் மறுபடி மதிப்பிடுங்கள். ஆட்கள் குறைவாக இருந்தால் ஒற்றை நோயாளியைச் சிறிய ஒப்பீட்டுக் குழுவோடு ஒப்பிட, 1998இல் க்ராஃபோர்டும் ஹோவெல்லும் விளக்கிய டி-சோதனை என்ற புள்ளியியல் முறை இருக்கிறது. சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்று காட்டும் சாதாரண இசட் மதிப்பு அங்கே பாதிப்பை மிகைப்படுத்திக் காட்டும்.

கட்டுரை எழுதும்போது நோயாளிகளின் வட்டாரம், படித்த ஆண்டுகள், வீட்டுமொழி மூன்றையும் அட்டவணையில் தாருங்கள், ஏற்கப்பட்ட பெயர்களின் பட்டியலைப் பின்னிணைப்பாக வெளியிடுங்கள். அது இருந்தால் மதுரையில் செய்ததை யாழ்ப்பாணத்தில் ஒருவர் மறுபடி செய்து பார்க்க முடியும். குடும்பத்துக்கும் ஒரு பக்கக் குறிப்பு கொடுக்கிறோம்: எது புரிகிறது, எது புரியவில்லை, எந்தக் குறிப்பு கொடுத்தால் சொல் வருகிறது, அருகில் எங்கே பேச்சுப் பயிற்சி கிடைக்கும்.