கணுக்கால் முறிவு: பிளேட் வேண்டுமா என்பதை எது தீர்மானிக்கிறது?

கணுக்காலின் வெளிப்புற எலும்பு முறிந்திருக்கிறது என்று சொன்னதும் பெரும்பாலானோர் கேட்பது, 'பிளேட் வைக்க வேண்டுமா டாக்டர்?' என்பதுதான். அந்தக் கேள்விக்கு முறிவுக் கோட்டை மட்டும் பார்த்து நான் பதில் சொல்வதில்லை. மூட்டின் நடுவே இருக்கும் தாலஸ் எலும்பு தன் இடத்தில் இருக்கிறதா, உடல் எடை இறங்கும்போதும் அங்கேயே இருக்குமா என்று பார்த்த பிறகே சொல்கிறேன்.

தாலஸுக்கு மேலேயும் உட்புறமும் டிபியா என்னும் கீழ்க்காலின் பெரிய எலும்பு, வெளிப்புறம் ஃபிபுலா என்னும் மெல்லிய எலும்பு. இவ்விரண்டையும் மூட்டுக்குச் சற்று மேலே சிண்டெஸ்மோசிஸ் என்னும் தசைநார்த் தொகுதி பிணைக்கிறது. உட்புறத்தில் டெல்டாய்டு தசைநார் தாலஸை இழுத்துப் பிடிக்கிறது. எலும்பும் தசைநாரும் மாறி மாறி அமைந்த இந்த வளையம் ஓரிடத்தில் மட்டும் அறுந்தால் தாலஸ் அசையாது. இரண்டு இடங்களில் அறுந்தால் அசையும். தாலஸ் 1 மி.மீ. வெளிப்புறம் நகர்ந்தாலே மூட்டின் தொடுபரப்பு 42 விழுக்காடு குறைகிறது என்று 1976இல் ராம்சேயும் ஹாமில்டனும் வெளியிட்ட ஆய்வு, அறுவை சிகிச்சைக்கு ஆதரவாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அங்கே தாலஸை வேண்டுமென்றே நகர்த்தித்தான் அளந்தார்கள். டெல்டாய்டு முழுதாக இருக்கும் காலில் அது அப்படித் தானாக நகர்வதில்லை.

வெபர் வகைப்பாட்டின்படி, சிண்டெஸ்மோசிஸுக்குக் கீழே ஃபிபுலா முறிவது ஏ வகை, பெரும்பாலும் நிலையானது, அதாவது தாலஸ் நகராதது. அதற்கு மேலே முறியும் சி வகையும், இருபுறக் கணு எலும்புகளும் சேர்ந்து முறிவதும் பெரும்பாலும் நிலையற்றவை. உட்புறம் வீங்கியிருந்து கணுக்கால் எக்ஸ்ரேயில் ஃபிபுலா முறிவு தெரியாவிட்டால், முழங்கால் வரை ஃபிபுலாவை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். முறிவு அங்கே மேலே ஒளிந்திருக்கக்கூடும்.

விவாதம் முழுவதும் பி வகையில்தான், அதாவது சிண்டெஸ்மோசிஸ் மட்டத்தில் ஃபிபுலா மட்டும் முறிந்திருக்கும் நிலையில்தான். உட்கணுவுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தும்போது வலித்தால் டெல்டாய்டு அறுந்துவிட்டது என்று முன்பு எளிதாக முடிவுகட்டினோம். வலியும் வீக்கமும் கன்றலும் அதற்கு நம்பகமான அடையாளங்கள் அல்ல என்பது இப்போது தெளிவு. அதனால் அடிபட்ட பக்கமாகப் படுக்கவைத்து, பாதம் தாங்கலின்றித் தொங்கும்படி எக்ஸ்ரே எடுக்கிறோம். தாலஸுக்கும் உட்கணுவுக்கும் உள்ள இடைவெளி 4 மி.மீ.க்கு மேலாகவும், தாலஸுக்கு மேலுள்ள இடைவெளியைவிட 1 மி.மீ. அதிகமாகவும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் இந்தச் சோதனை நிலையின்மையை மிகைப்படுத்திக் காட்டக்கூடியது. டெல்டாய்டின் முன்பகுதி மட்டும் கிழிந்திருந்தாலும் தொங்கும் பாதத்தில் இடைவெளி விரிந்துவிடும். பாதம் தரையில் செங்கோணமாகப் பதியும்போது, கிழியாத ஆழமான பின்பகுதி இறுகித் தாலஸைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வலி சற்றுத் தணிந்ததும், ஏறத்தாழ ஒரு வாரத்தில், நோயாளியை நிற்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அதில் இடைவெளி இயல்பாக இருந்தால் பிளேட் தேவையில்லை.

நிலையான முறிவுக்கு ஆறு வார மாவுக்கட்டு என்பது பழைய வழக்கம். பின்லாந்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நிலையான பி வகை முறிவுகளுக்கு மூன்று வார மாவுக்கட்டோ, மூன்று வாரம் அணியும் எளிய கணுக்கால் பட்டையோ ஆறு வாரக் கட்டுக்குச் சளைத்ததாக இல்லை. வலி அனுமதிக்கும் அளவுக்கு ஊன்றி நடக்கலாம். தொங்கவிட்டபோது விரிந்து, நின்றபோது சரியாக இருந்த கால்களில் மட்டும் பாதத்தைச் செங்கோணத்தில் வைக்கும் மாவுக்கட்டையோ பூட்ஸ் போன்ற காலணியையோ விரும்புகிறேன்; ஓரிரு வாரத்தில் எக்ஸ்ரேயை மறுபடியும் பார்த்துவிடுவது நல்லது. கட்டுப் போட்ட காலில் கெண்டைத்தசை வலித்து வீங்கினாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம் என்பதால் தாமதிக்கக் கூடாது.

நிலையற்ற முறிவு என்றாலே கத்திதான் என்றும் இல்லை. 60 வயதைக் கடந்த 620 பேரிடம் பிரிட்டனில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், மயக்கமருந்து கொடுத்து எலும்பைச் சரிசெய்து, குறைந்த பஞ்சு வைத்து உடலோடு ஒட்டிப் போட்ட மாவுக்கட்டு, ஆறு மாத முடிவில் நடமாட்டத்தைப் பொறுத்தவரை அறுவை சிகிச்சைக்கு இணையாக இருந்தது. தொற்றும் காயம் பிரிவதும் கட்டுப் போட்டவர்களிடம் குறைவு; எலும்பு கோணலாகக் கூடுவது அவர்களிடம் அதிகம், ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குப் பின்னர் அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டது. அடிக்கடி எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிக்க முடியாதவருக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களின் கணக்கே வேறு. வலி எச்சரிக்காது என்பதால் அவர்கள் முறிந்த காலிலேயே நடந்து மூட்டைச் சிதைத்துக்கொள்வார்கள். கட்டுக்குள் புண் வந்தாலும் தெரியாது. அவர்களுக்குக் கட்டுக்காலத்தை வழக்கத்தைவிட ஏறத்தாழ இரு மடங்காக நீட்டி, எடை ஊன்றுவதையும் தள்ளிப்போட்டு, கட்டை அடிக்கடி பிரித்துத் தோலைப் பார்க்க வேண்டியிருக்கிறது.