சாக்கெட் பொருந்தியது, டிஸ்பிளே வரவில்லை

சீட்டுப் பணம் 70,000 ரூபாய் கைக்கு வந்தது 2023 ஆடி மாதத்தில். இரண்டு வருஷமாக ஒரு மாதம் கூடத் தவறாமல் கட்டிய பணம். இதில் கேமிங் கம்ப்யூட்டர் வாங்குவது, அதையும் ரெடிமேடாக இல்லாமல் உதிரி உதிரியாக வாங்கி நானே பூட்டுவது என்று முன்பே வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

முதலில் சேலத்திலேயே ஒரு கடையில் விலை கேட்டேன். துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள்: ஐ5, 16 ஜிபி, 512, 4 ஜிபி கிராபிக்ஸ். எந்த ஐ5? 2012-லும் ஐ5 விற்றது, 2023-லும் ஐ5 விற்றது. கிராபிக்ஸ் கார்டுக்கும் மாடல் பெயர் இல்லை. எத்தனை ஜிபி என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கார்டு எவ்வளவு வேகம் என்று யாராலும் சொல்ல முடியாது. முழு மாடல் எண் இல்லாத தாளை நம்பிப் பணம் கொடுப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். அதன் பிறகு கேட்ட எல்லாக் கடையிலும் மாடல் எண்ணோடுதான் எழுதி வாங்கினேன்.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் ஒரு வாரம் போனது. ப்ராசசரில் தொடங்கினால் பட்ஜெட் எங்கோ ஓடிவிடுகிறது. கடைசியில் மானிட்டரில் தொடங்கினேன், கணக்கு தானாக வரிசைக்கு வந்தது. 24 அங்குலம், 1080பி, 144 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும்) எனக்குப் போதும். அந்த அளவுக்கு ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு தாராளம். அந்தக் கார்டு எடுக்கும் மின்சாரம் 132 வாட், அதற்குத் தனியாக ஒரு 8 பின் ஒயர் வேண்டும். கார்டுக்கு ஈடு கொடுக்க ஏஎம்டியின் ரைசன் 5 5600 ப்ராசசர்: ஆறு கோர், 65 வாட், கூலர் பெட்டியிலேயே வரும். இந்தப் ப்ராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் மானிட்டர் ஒயரைக் கார்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டின் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ துளையில் செருகினால் ஒன்றும் தெரியாது.

இன்டெலின் 12400எஃப் ப்ராசசர் பக்கமும் மனசு போனது. ஆனால் அதற்கான மதர்போர்டுகள் ஏறக்குறைய ஒரே பெயரில் டிடிஆர்4 வகை ராமுக்கு ஒன்று, டிடிஆர்5 வகைக்கு ஒன்று என்று வருகின்றன. டிடிஆர்4 ராமின் வெட்டு ஓரிடம், டிடிஆர்5-இன் வெட்டு வேறிடம். மாற்றி வாங்கினால் ஸ்லாட்டில் இறங்கவே இறங்காது. விலையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ரைசனே நின்றது.

எஸ்எம்பிஎஸ் (எல்லா பாகத்துக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. கேபினெட்டோடு சேர்த்து இலவசமாக வருவதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான வெண்கலத் தரம்) என்று தனியாகத் தேடி வாங்கினேன். ப்ராசசர், கார்டு, மற்றதெல்லாம் சேர்ந்து 300 வாட்டைத் தாண்டாது என்றாலும், கார்டு ஒரு நொடிக்குத் திடீரென்று அதிகமாக இழுக்கும்போது தாங்க இடம் வேண்டும்.

எங்கள் வீடு சேலம் சிவதாபுரத்தில். கீழே அப்பாவின் கொலுசுப் பட்டறை, மாடியில் என் அறை. எஸ்எம்பிஎஸ் ஒயர்களை நான் மேஜையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ப்ராசசருக்கான 8 பின் ஒயரையும் கார்டுக்கான 8 பின் ஒயரையும் கையில் எடுத்து, "ரெண்டும் ஒண்ணுதானேப்பா?" என்றார். முனையைத் திருப்பிக் காட்டினேன். ஒன்று நான்கும் நான்குமாகப் பிரிகிறது, மற்றது ஆறும் இரண்டுமாக. துளைகளில் சில சதுரம், சில ஒரு பக்கம் மழுங்கல். அந்த வரிசை இரண்டிலும் வேறு வேறு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "கொலுசுத் திருகு மாதிரிதான். பாத்தா ஒண்ணு போல இருக்கும், மரை வேற" என்றார்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. கழற்றி மாட்டும் ஒயர் உள்ள மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கினால், ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரை இன்னொன்றில் போடவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒயர் அழகாகப் பொருந்தும், சுவிட்சைப் போட்டதும் ஹார்டு டிஸ்க்கோ போர்டோ போய்விடும்.

கேபினெட்டுக்கு வருவோம். சித்திரை வெயிலில் எங்கள் மாடி அறை அடுப்பு மாதிரி இருக்கும். முன்பக்கம் கண்ணாடி மூடியது வேண்டாம், வலைதான் வேண்டும் என்று தேடினேன். கழற்றிக் கழுவக்கூடிய தூசு வடிகட்டியும் கட்டாயம் இருக்க வேண்டும். பட்டறையிலிருந்து வருவது வெறும் தூசு இல்லை, அதில் வெள்ளிப் பொடியும் கலந்திருக்கும். வெள்ளி மின்சாரம் கடத்தும். அளவுகளில் மூன்றை மட்டும் பார்த்தால் போதும்: போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸா (சின்னது) ஏடிஎக்ஸா (பெரியது), கார்டு எத்தனை நீளம் வரை உள்ளே போகும், கூலர் எத்தனை உயரம் வரை நிற்கும்.

இனி மதர்போர்டு. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

பி550 போர்டுக்கும் பி450 போர்டுக்கும் எனக்குக் கிடைத்த விலையில் 3,000 ரூபாய் வித்தியாசம். பி450-இல் கார்டு ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0, ஆர்எக்ஸ் 6600-க்கு அதனால் பெரிய இழப்பு இல்லை என்று படித்திருந்தேன். இரண்டிலும் ப்ராசசர் உட்காரும் இடம், அதாவது சாக்கெட், ஒன்றுதான்: ஏஎம்4. "எல்லா ரைசனும் போகும் தம்பி" என்றார் கடைக்காரர். பி450-ஐ வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லாவற்றையும் பூட்டி சுவிட்சைப் போட்டேன். ஃபேன்கள் சுற்றின. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. போர்டின் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் உண்டு: சிபியு (ப்ராசசர்), ராம், கார்டு, பூட். எது சரியில்லையோ அதன் விளக்கு நின்று எரியும். எனக்கு சிபியு விளக்கு அணையவே இல்லை. ராமைக் கழற்றிப் போட்டேன், ஒயர்களை அழுத்திப் பார்த்தேன், ஒற்றை ராமோடு முயன்றேன். பதினொன்றரை ஆனது. வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம்தான் போர்டு வந்த அட்டைப் பெட்டியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மூலையில் ஒரு சின்ன ஸ்டிக்கர்: ரைசன் 3000 டெஸ்க்டாப் ரெடி. 5000 இல்லை, 3000. பி450 வந்தது 2018-இல். ரைசன் 5 5600 வந்தது 2022 ஏப்ரலில். சாக்கெட் ஒன்றுதான், ஆனால் போர்டுக்குள் இருந்து கம்ப்யூட்டரை எழுப்பும் மென்பொருளான பயாஸ் பழசு, அதற்கு இந்தப் ப்ராசசர் யாரென்றே தெரியாது. தயாரிப்பாளரின் தளத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் ப்ராசசர் பட்டியல் இருக்கிறது. 5600-க்கு நேரே, எந்த பயாஸ் பதிப்பு முதல் வேலை செய்யும் என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். வாங்கும் முன் பார்க்க வேண்டிய பட்டியல் அது.

ப்ராசசரே இல்லாமல் பெண்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் சில போர்டுகளில் உண்டு. என்னுடையதில் இல்லை. பழைய ரைசன் ஒன்றைப் போட்டு, அதை வைத்து பயாஸை மாற்றுவது ஒன்றே வழி. சேலத்தின் குகைப் பகுதியில் இருக்கும் என் நண்பனிடம் ரைசன் 5 2600 இருந்தது. காலையிலேயே போன் செய்தேன்.

"ப்ராசசரையா கேக்கற? சரி வா மச்சான், நீயே பொறுமையா கழட்டு. ஒரு பின்னு வளைஞ்சாலும் முடிஞ்சுது" என்றான்.

ஏஎம்4-இல் 1,331 பின்களும் ப்ராசசரின் அடியில்தான் இருக்கின்றன. ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருக்கும்போது நேராக மேலே இழுத்தால், சாக்கெட் பூட்டியிருந்தாலும் ப்ராசசர் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் பத்து நிமிஷம் கேம் ஓட்டிச் சூடேற்றிவிட்டு அணைத்தோம். திருகுகளைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகினேன். பசை விடும்போது கையில் ஒரு வழுக்கல் தெரிந்தது. அப்புறம்தான் தூக்கினேன். என் 5600 வந்த பிளாஸ்டிக் கூட்டிலேயே அவன் ப்ராசசரை வைத்து, சட்டைப் பையில் போட்டு, பட்டனைப் போட்டுக்கொண்டு வண்டியை மெதுவாக ஓட்டி வந்தேன்.

அவனுடையதைப் போட்டதும் திரை வந்தது! பெண்டிரைவை எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்து புதிய பயாஸை வைத்திருந்தேன். பயாஸ் ஏறும் நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடக்கூடும். 1000 விஏ யுபிஎஸ்ஸில் மாட்டி, அதன் பேட்டரி நிறைந்த பிறகே தொடங்கினேன். மாதாந்திர மின்தடைக்கான நாள் அன்று இல்லை என்பதையும் முன்பே பார்த்துக்கொண்டேன். ஐந்து நிமிஷம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடிந்தது.

கூலர் அடியில் இருந்த பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்து, என் ப்ராசசரின் மூலையில் உள்ள முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து இறக்கினேன். போர்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டை அப்பா ஒரு கையால் பிடித்துக்கொண்டார், நான் நான்கு திருகையும் குறுக்காக மாற்றி மாற்றி முறுக்கினேன். இந்த முறை ரைசன் 5 5600 என்று பெயரோடு வந்தது. ராம் 2400-இல் ஓடிக்கொண்டிருந்தது. ராமின் முழு வேகத்தைத் திறக்கும் எக்ஸ்எம்பி-யை பயாஸில் ஆன் செய்ததும் 3200 ஆனது. இரண்டு ராமையும் இரண்டாம், நான்காம் ஸ்லாட்டில் போட வேண்டும், அடுத்தடுத்துப் போட்டால் வேகம் குறையும். விண்டோஸில் மானிட்டர் 60 ஹெர்ட்ஸிலேயே கிடந்தது, அதையும் 144-க்கு நாமே மாற்ற வேண்டும்.

ஞாயிறு பொழுது சாயும் நேரம் குகைக்குப் போனேன். நண்பன் போன் டார்ச்சை அடித்து, ப்ராசசரைச் சாய்த்துப் பிடித்து, பின் வரிசைகளை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். "ஒண்ணும் வளையல" என்றான். இருவருமாக உட்கார்ந்து பூட்டினோம். அவன் திரையும் வந்தது.