டெக்ஸாஸில் பிஸ்டல் வாங்கி லைசென்ஸ் எடுத்த அலைச்சல்

துப்பாக்கிக் கடையில் ஒரு பெண் போய் நின்றால், இருப்பதிலேயே குட்டியான பிஸ்டலைத்தான் முதலில் எடுத்து மேசையில் வைக்கிறார்கள். ஹூஸ்டன் பக்கம் நான் ஏறி இறங்கிய கடைகளில் பெரும்பாலும் இதே கதைதான். "பெண்களுக்கு இதுதான் சரி, ஹேண்ட்பேகில் அடங்கிவிடும்" என்பார்கள். ஒரு கடையில் இளஞ்சிவப்புப் பிடி போட்டதையும் கூடவே எடுத்து வைத்தார்கள். அந்தப் பேச்சை நம்பி வாங்கிய தோழிகள் இரண்டு பேர், ஒரு பெட்டி தோட்டா தீர்வதற்குள் கை வலி தாங்காமல் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

நாங்கள் சின்னதாக ஒரு இந்திய மளிகைக் கடை நடத்துகிறோம். பாதி நாள் இரவு நான்தான் கல்லாவை எண்ணிப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். எங்கள் வரிசைக் கடைகளில் ஒன்றில் திருட்டு நடந்த பிறகு, வீட்டுக்காரரும் நானும் பேசி முடிவு செய்தோம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. எங்களிடம் கிரீன் கார்டு இருக்கிறது, அதனால் வாங்க முடிந்தது. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 எதுவானாலும், அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, கையில் எடுப்பதே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போல சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்கக் கூடாது. சனிக்கிழமை சும்மா துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் ஒரு மணி நேரம் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுவிட்டுப் போட்டோ போடுகிற பசங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா கையில் கொடுத்துப் படம் எடுப்பதும் அதே வம்புதான். 2022 இல் இந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையை 15 ஆண்டாக உயர்த்தியிருக்கிறார்கள். குடியுரிமைக் கனவு அத்தோடு போய்விடும்.

துப்பாக்கிக் கடையில் நிரப்ப வேண்டிய படிவத்தின் எண் 4473. அதில் எங்கள் ஊர்ப் பெயர்கள் படும் பாடு தனி. எனக்கு அப்பா பெயரே கடைசிப் பெயர். ஆனால் டிரைவிங் லைசென்ஸில் ஒரு மாதிரி, கிரீன் கார்டில் இன்னொரு மாதிரி. தெரிந்த பையன் ஒருவனுக்கோ பெயருக்கு முன்னால் வெறும் இனிஷியல். வெறும் இனிஷியல்தான் சட்டப்படியான பெயரில் இருக்கிறது என்றால் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் 'ஐஓ' என்று போட வேண்டும், நடுப்பெயரே கிடையாது என்றால் 'என்எம்என்' என்று போட வேண்டும். படிவத்தின் குறிப்பிலேயே இது இருக்கிறது. எனக்குப் படிவம் நீட்டியவருக்கு அது தெரியவில்லை. காலியாக விடுங்கள் என்றார், பிறகு காலியாக இருக்கிறதே என்று அவரே திருப்பித் தந்தார்.

அடுத்த தடை முகவரி. அப்போதுதான் வீடு மாறியிருந்தோம். டிரைவிங் லைசென்ஸில் முகவரியை ஆன்லைனில் மாற்றிப் பணம் கட்டிவிட்டேன், புதிய கார்டு தபாலில் வரவில்லை. "அட்டையில் பழைய முகவரி இருக்கிறது, கார்டு வந்ததும் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். கடையை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு வந்த நாள் வீண். பிறகு வேறொரு கடையில் வயதான ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: அரசு கொடுத்த இன்னொரு தாளில் இப்போதைய முகவரி இருந்தால் போதும், இரண்டையும் சேர்த்துக் காட்டலாம். கார் பதிவுத் தாள் என் கைப்பையிலேயே இருந்தது! முந்தின கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நாள் மிச்சமாகியிருக்கும். கரன்ட் பில், வாடகை ஒப்பந்தமெல்லாம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவை அரசு கொடுத்த தாள் இல்லை.

அதன் பிறகு, வாங்குபவருக்குத் தடை ஏதும் உண்டா என்று பார்க்கும் எஃப்பிஐ சரிபார்ப்பு. பக்கத்தில் நின்றவருக்குச் சில நிமிடத்தில் 'ப்ரொசீட்', அதாவது கொடுக்கலாம் என்று வந்தது. எனக்கு 'டிலேட்', தாமதம். பெயர்க் குழப்பம்தான் காரணம் என்று நினைக்கிறேன், யாரும் காரணம் சொல்வதில்லை. மூன்று வேலை நாள் கடந்தும் பதில் வராவிட்டால் கடைக்காரர் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. சில கடைகள் பதில் வரும்வரை கொடுப்பதே இல்லை. பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படித் தாமதமானால், எஃப்பிஐயிடம் விண்ணப்பித்து யூபின் என்கிற தனி எண் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த முறை படிவத்தில் அதை எழுதினால் பெயர்க் குழப்பம் குறையும்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, அதை எந்தக் கடைக்காரரும் என்னிடம் சொல்லவில்லை. டெக்ஸாஸில் கைத்துப்பாக்கியைக் கூடவே கொண்டுபோவதற்கான மாநில லைசென்ஸ் இருப்பவர் துப்பாக்கி வாங்கும்போது 4473 நிரப்பினால் போதும், எஃப்பிஐக்குப் போன் போட வேண்டியதில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே 21 வயதானவர்கள், வேறு தடை இல்லையென்றால், லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு போகலாம். அதனால் பலர் லைசென்ஸ் எதற்கு என்கிறார்கள். எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம். பள்ளியிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்திய அரசுச் சட்டம் தடுக்கிறது, மாநில லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. இந்த ஒன்றுக்காகவே எடுத்துவிட வேண்டும். முதலில் லைசென்ஸ், பிறகு பிஸ்டல். சுடும் தேர்வுக்குச் சொந்தத் துப்பாக்கி தேவையில்லை, வாடகைக்குக் கிடைக்கும்.

சரி, எதை வாங்குவது?

குட்டித் துப்பாக்கி சுடச் சுலபம் என்று நினைப்பது இயல்பு. நிஜம் தலைகீழ். எடை குறையக் குறைய உதைப்பு முழுக்கக் கைக்குத்தான் வரும். சுடும்போது பின்னுக்குப் போய் வருகிற மேல் பாகம்தான் ஸ்லைடு. அது சிறிதானால் அதை அடக்க ஸ்பிரிங் இறுக்கமாக இருக்க வேண்டும், அதனால் பின்னுக்கு இழுக்கவே திணற வேண்டியிருக்கும். ரூகர் எல்சிபி போன்ற, .380 என்கிற சின்னத் தோட்டா போடும் பிஸ்டல்கள் 300 கிராம்கூட இருக்காது. சுட்டுப் பார்த்தேன், உள்ளங்கை எரிந்தது. சட்டைப் பைக்குள் போகும் ஐந்து தோட்டா ரிவால்வரில் இழுக்க ஸ்லைடு இல்லை, ஆனால் விசையை அழுத்துவதற்குள் முனை ஆடி, குறி எங்கேயோ போகிறது.

எனக்குக் கற்றுத்தந்தவர் ஷெரிஃப் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. அவரை ஒரு தோழி மூலம் கண்டுபிடித்ததுதான் இந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை. கடைக்காரர்கள் "உங்களுக்கு இழுக்க வராது" என்று சொன்ன ஸ்லைடுகளை அவர் ஐந்து நிமிடத்தில் இழுக்க வைத்தார். இரண்டு விரலால் கிள்ளி இழுக்கக் கூடாது. இடது உள்ளங்கை முழுவதாலும் மேலிருந்து பிடித்துக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னே தள்ள வேண்டும். துப்பாக்கி எப்போதும் சுடும் திசையையே பார்த்திருக்க வேண்டும், விரல் விசைக்கு வெளியே. அவ்வளவுதான்.

வாங்குமுன் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். தனியாக, சொந்தத் துப்பாக்கி இல்லாமல் போனால் பல ரேஞ்சுகள் வாடகைக்குத் தருவதில்லை. தற்கொலை நடந்துவிடக் கூடாது என்கிற நல்ல எண்ணம்தான். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். க்ளாக் 19 அருமையாகச் சுட்டது. 1988 இலிருந்து வருகிறது, 15 தோட்டா, எந்த உதிரிப் பாகமும் எங்கும் கிடைக்கும். ஆனால் குர்தாவுக்குள் பிடி துருத்திக்கொண்டு தெரிந்தது, என் விரலுக்கும் பருமன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஸியின் ஸ்லைடு வெண்ணெய்தான். மூட்டுவலி உள்ளவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். பழையதாக வாங்கினால் மட்டும் வரிசை எண்ணைச் சரிபாருங்கள். 2020 இல் செய்த, 9 எம்எம் தோட்டா போடும் ஈஸிகளில் சிலவற்றை, உள்ளே அடிக்கும் சுத்தியான ஹேமரின் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தார்கள். எந்த மாடலாக இருந்தாலும், பணம் கட்டுமுன் திரும்ப அழைப்பு உண்டா என்று தேடிவிடுங்கள்.

நான் முதலில் வாங்கியதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. நல்ல பெயருள்ள மெல்லிய 9 எம்எம். அதே மாடலில் வாடகைக்கு எடுத்தது ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. என்னுடையதோ முதல் நாளே சிக்கியது. ஸ்லைடு முழுதாக முன்னுக்கு வந்து மூடவில்லை. சில சமயம் காலித் தோட்டா வெளியே விழாமல் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. கடைக்கு எடுத்துப் போனால், "மணிக்கட்டைத் தொய்வாகப் பிடிக்கிறீர்கள், பெண்கள் எல்லோருக்கும் இது வரும்" என்றார். துப்பாக்கியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

மணிக்கட்டுத் தொய்ந்தால் சிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதைச் சோதிக்க வழி இருக்கிறது. அந்த அம்மா, தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் மேகசின்களில் மார்க்கரால் எண் போடச் சொன்னார். ஒரே மேகசினில் மட்டும் சிக்கினால் குறை மேகசினில். எல்லாவற்றிலும் சிக்கியது. தோட்டாவை மாற்றினோம், சிக்கியது. சுத்தம் செய்து எண்ணெய் போட்டோம், சிக்கியது. கடைசியில் அவரே வாங்கிச் சுட்டார். முப்பது வருடம் துப்பாக்கி பிடித்த கையிலும் சிக்கியது! எனக்கு அழுகை வராத குறை. ஒவ்வொரு சிக்கலையும் தேதி, தோட்டாவின் பெயர், மேகசின் எண்ணோடு எழுதிவைத்து போனில் படமும் எடுத்தோம்.

கடை திரும்ப வாங்காது. வாசலைத் தாண்டிவிட்டால் துப்பாக்கி பழையதாகிவிடும், பெரும்பாலான கடைகளில் இதுதான் வழக்கம். தயாரிப்பாளரைத்தான் பிடிக்க வேண்டும். எழுதிவைத்த பட்டியலை அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் அனுப்பும் செலவையும் ஏற்றார்கள். உதிரிப் பாகம் மாற்றித் திரும்பி வந்தது, அதன் பிறகு சிக்கவில்லை. ஆனாலும் இரவில் அதை நம்பிக் கிளம்ப எனக்கு மனம் வரவில்லை. உள்ளதைச் சொல்லி விற்றுவிட்டேன்.

அதற்குள் லைசென்ஸ் வகுப்பு முடிந்திருந்தது. தேர்வில் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250 புள்ளிக்கு 175 வேண்டும். கைரேகை, 40 டாலர், கார்டு தபாலில் வந்தது. இரண்டாவது பிஸ்டல் வாங்கியபோது படிவம் நிரப்பி, கார்டைக் காட்டி, பையோடு வெளியே வந்தேன். அந்த நிம்மதியை எப்படிச் சொல்ல!

இப்போது இருப்பது சிக் சாவர் பி365எக்ஸ்எல். 12 தோட்டா, 3.7 அங்குலக் குழல், கிட்டத்தட்ட 590 கிராம். என் சுண்டுவிரலுக்கும் பிடியில் இடம் இருக்கிறது. அந்த அம்மாவின் விதி: சாதாரணப் பயிற்சித் தோட்டா 200, நிஜமாகக் கொண்டுபோகப் போகிற குழிமுனைத் தோட்டா 50, எல்லா மேகசினிலும், ஒன்றுகூடச் சிக்காமல் ஓட வேண்டும். அதுவரை அதை இடுப்பில் வைக்கக் கூடாது. குழிமுனையின் வடிவம் வேறு. உருண்டை முனையை விழுங்கும் துப்பாக்கி இதில் சிக்கலாம். விலை அதிகம் என்று இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். குழிமுனை விரிவதால் பின்னால் நிற்பவர் மேல் பாய்ந்துபோகும் ஆபத்து குறைவு, அதனால்தான் அதை வைத்துக்கொள்கிறோம்.

துப்பாக்கியைச் செருகும் உறையான ஹோல்ஸ்டரில் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம். விசையை முழுக்க மூடும் கெட்டியான கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறை, நல்ல விறைப்பான பெல்ட். துணி உறைகள் மடங்கி விசைக்குள் போகும். லெக்கிங்ஸில் எதுவும் நிற்காது. நான் கடை நேரத்தில் ஜீன்ஸும் தளர்ந்த குர்தாவும்தான். ஹேண்ட்பேக் வேண்டவே வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடாஹோவில் ஒரு கடையில், துப்பாக்கிக்கென்றே அறை வைத்துத் தைத்த கைப்பையிலிருந்து இரண்டு வயதுக் குழந்தை எடுத்துச் சுட்டு, தாய் அங்கேயே இறந்துபோனார். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இடுப்பில் இல்லாத நேரமெல்லாம் அது பெட்டகத்தில் பூட்டியிருக்கும்.

வாசலில் 30.06 என்று எண் போட்ட பலகை இருந்தால் லைசென்ஸ் வைத்திருந்தாலும் மறைத்து எடுத்துப் போகக் கூடாது. சிவப்பில் 51 என்று இருந்தால் அது மது விற்பனையில்தான் பிழைக்கிற இடம், அங்கேயும் கூடாது. கோவில் வாசலிலும் பலகையைப் பார்த்துவிட்டே உள்ளே போங்கள். விடுமுறைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குக் காரில் கிளம்புபவர்கள் வழியில் வரும் ஒவ்வொரு மாநிலத்தையும் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி இரண்டும் டெக்ஸாஸ் லைசென்ஸை ஏற்பதில்லை, நியூ ஜெர்சியில் குழிமுனைத் தோட்டாவுக்கே தனிக் கட்டுப்பாடு. அங்கே எடிசனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகும்போது பிஸ்டலை டெக்ஸாஸிலேயே பூட்டிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.