எட்ஸியை அப்படியே தூக்கிப் போட்டால் என்ன ஆகும்

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, என் பழைய மடிக்கணினியின் எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போனது. நான் பதறவில்லை, கொஞ்சம் திமிராகவே இருந்தேன். என் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரும் எட்ஸி (/etc) ஃபோல்டரும் முழுதாக வெளி டிஸ்கில் இருந்தன, வாராவாரம் ஒரு ஸ்கிரிப்ட் தானாக ஓடி எடுத்துவைத்துக்கொண்டிருந்தது. லினக்ஸில் கணினி முழுமைக்குமான செட்டிங்ஸ் பெரும்பாலும் எட்ஸிக்குள் சாதாரண எழுத்துக் கோப்புகளாகத்தானே இருக்கிறது, அதைத் திருப்பிப் போட்டால் பழைய கணினி அப்படியே எழுந்து வந்துவிடும் என்பது என் கணக்கு. புது எஸ்எஸ்டியில் உபுண்டு என்ற லினக்ஸின் 24.04 வெர்ஷனைப் போட்டேன் (பழையது 22.04), பழைய எட்ஸியைப் புதியதன் மேல் மொத்தமாகக் காப்பி செய்தேன், ரீபூட் கொடுத்துவிட்டு டீ போடப் போனேன்.

திரும்பி வந்தால் கறுப்புத் திரையில் ஏதோ ஒரு பார்ட்டிஷனுக்காக (டிஸ்கின் ஒரு பகுதி) காத்திருப்பதாக 90 நொடி எண்ணிக்கை ஓடுகிறது, அது முடிந்ததும் எமர்ஜென்சி மோடில் போய் விழுந்தது.

காரணம் எட்ஸிக்குள் இருக்கும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பு. எந்த பார்ட்டிஷனை எங்கே மவுன்ட் செய்வது, அதாவது எந்த ஃபோல்டராக இணைப்பது என்று சொல்லும் அந்தக் கோப்பு, பார்ட்டிஷனை யூயூஐடி என்ற நீளமான அடையாள எண்ணால்தான் குறிப்பிடுகிறது. ஃபார்மேட் செய்யும்போதெல்லாம் அந்த எண் புதிதாகப் பிறக்கும். நான் போட்டதோ செத்துப்போன டிஸ்கின் எண்கள், இல்லாத வீட்டு விலாசத்துக்குத் தபால் போட்ட மாதிரி. பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் யுஎஸ்பியில் ஏறி, பிஎல்கேஐடி (blkid) கட்டளையில் புது எண்களைப் பார்த்து எழுதியதும் பூட் ஆனது. ஆனால் அதோடு விடவில்லை. எட்ஸியோடு பயனர்களின் பட்டியலான பாஸ்வேர்ட் (passwd) கோப்பையும் சேர்த்து மாற்றியிருந்தேன் அல்லவா, சில சர்வீஸ்களுக்காகக் கணினி தானே உருவாக்கும் பயனர்களுக்கு இன்ஸ்டால் ஆகிற நேரத்தில்தான் எண் ஒதுக்கப்படுகிறது, அது கணினிக்குக் கணினி மாறும். பழைய எண்கள் எட்ஸியில், புது எண்களில் உரிமை போட்ட கோப்புகள், சர்வீஸ்கள் தங்கள் தரவை வைக்கும் வார் (/var) ஃபோல்டரில். ஒன்றுக்கொன்று பொருந்தாமல் எது எதற்கோ பெர்மிஷன் எரர். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன், அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இப்போது எட்ஸியை எடுத்துவைக்கிறேன், ஆனால் திருப்பிப் போடுவதற்காக அல்ல, பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுவதற்காக. இதற்கு எட்ஸிகீப்பர் என்று ஒன்று இருக்கிறது, ஜோயி ஹெஸ் எழுதியது. எட்ஸியை ஒரு கிட் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) களஞ்சியமாக மாற்றிவிடும், உபுண்டுவில் மென்பொருள் போடும் ஏபிடி எதையாவது இன்ஸ்டால் செய்தால் அதற்கு முன்னும் பின்னும் தானே கமிட் போடும், அதாவது அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும். கிட் கோப்பின் உரிமையாளர் யார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளாது, எட்ஸிகீப்பர் அதையும் தனியாகக் குறித்துவைக்கிறது. நான் கையால் மாற்றியது எது, இன்ஸ்டாலர் எழுதியது எது என்று பிரித்துப் பார்க்க முடிவதுதான் இதில் எனக்குப் பிடித்தது. என் கணக்கில் நான் மாற்றியது மொத்தம் பதினோரு கோப்புதான், அதற்காகவா அத்தனையையும் கொட்டினேன் என்று இருந்தது. ஒரு எச்சரிக்கை, இதைப் பொதுவில் எங்கும் ஏற்றிவிடாதீர்கள், பாஸ்வேர்ட் ஹாஷ்களும் வைஃபை பாஸ்வேர்டும் அதற்குள்தான் இருக்கின்றன.

போட்டிருக்கும் மென்பொருள்களின் பட்டியலுக்கு ஏபிடி-மார்க் ஷோமேனுவல் கட்டளை. டிபிகேஜி என்ற இன்னொரு கருவி தரும், துணை லைப்ரரிகளும் சேர்ந்த முழுப் பட்டியலை எடுக்கச் சொல்லி நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள், அதே வெர்ஷனைத் திரும்பப் போடுவதென்றால் சரி, வெர்ஷன் மாறினால் உதவாது. 24.04-இல், 32-பிட் நேரக் கணக்கு 2038-இல் நிரம்பிப்போகும் பிரச்சினையைத் தீர்ப்பதற்காக ஏகப்பட்ட லைப்ரரிகளின் பெயருக்குப் பின்னால் டி64 ஒட்டிவிட்டார்கள், பழைய பெயர்கள் வரிசையாக முறைக்கும். நாமாகக் கேட்டுப் போட்டவற்றின் பெயர் மட்டும் இருந்தால் மீதியை ஏபிடி பார்த்துக்கொள்ளும். உபுண்டுவில் மென்பொருள் போடும் இன்னொரு வழியான ஸ்னாப்பில் போட்டவை இந்தப் பட்டியலில் வராது, அதைத் தனியாக எடுக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸும் இப்போது ஸ்னாப்தான், அதனால் அதன் புரொஃபைல் பழைய மொசில்லா ஃபோல்டரில் இல்லை, ஸ்னாப் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

டெஸ்க்டாப் செட்டிங்ஸுக்கு டிகான்ஃப் டம்ப் கட்டளை. உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோம் இவற்றை ஒரு பைனரி கோப்பில் வைத்திருக்கிறது, டம்ப் செய்தால் படிக்கக்கூடிய எழுத்தாகக் கிடைக்கும், ஷார்ட்கட் கீகளிலிருந்து கீபோர்ட் வரிசை வரை. தமிழ்99 கீபோர்ட் இல்லாமல் என்னால் ஒரு வரி தட்ட முடியாது, அதைத் தரும் ஐபஸ்-எம்17என் பேக்கேஜை முதலில் போட்டுவிட்டு இந்த டம்பை லோட் செய்ததும் அது தானாக வந்து நின்றது. முதலில் அதை மட்டும் செய்திருந்தாலே பாதி எரிச்சல் குறைந்திருக்கும்.

அப்புறம் ஒரு அசட்டுத்தனம் பாக்கி இருக்கிறது. எல்லாம் சரியாகி இரண்டு மாதம் கழித்து வேறு எதற்கோ வெளி டிஸ்கைத் திறந்தேன், கடைசி பேக்கப் எஸ்எஸ்டி செத்த வாரத்துத் தேதியில் நிற்கிறது. ஸ்கிரிப்ட் பத்திரமாக ஹோமில் இருக்கிறது, அதை வாராவாரம் ஓட்ட வேண்டிய கிரான்டேப் (எதை எப்போது ஓட்டுவது என்ற பட்டியல்) இல்லை. ஒவ்வொரு பயனரின் கிரான்டேபும் வார் ஃபோல்டருக்குள் ஸ்பூல் என்ற ஃபோல்டரில் இருக்கும், ஹோமிலும் இல்லை, எட்ஸியிலும் இல்லை. இப்போது அந்த ஸ்கிரிப்டின் முதல் வரியே கிரான்டேப்பை ஒரு கோப்பில் எழுதிவைப்பதுதான்.